கத்தரி அக்கா மணியடித்த நாள்

"அசையாதீங்க, ஊசி குத்திடும்" என்று அதட்டிக்கொண்டே, எதிரணி உறுப்பினரின் சட்டைக் கையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்தார் கத்தரி அக்கா. நகரமன்ற நிதிக்குழுக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கியதும் இதே மனிதர் எழுந்து அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லப்போகிறார். அது இருவருக்குமே தெரியும். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இப்போ போய் என்னைத் திட்டுங்க. எவ்வளவு கையை ஆட்டினாலும் விழாது."

கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவர் அக்கா. உறுப்பினராகி, நிதிக்குழுவின் தலைவரும் ஆன பிறகும், காலையில் கொஞ்ச நேரமாவது மிஷினில் உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. யார் எதிரே வந்தாலும் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலரை. பட்டப்பெயர் கடையில் பிறந்ததுதான். மன்றத்துக்கு வந்து, வரவேற்பு வளைவு, விருந்து, பூச்செண்டு என்று ஒவ்வொரு வீண்செலவாக வெட்டத் தொடங்கிய பிறகு அது கல்வெட்டாகிவிட்டது. யார் என்ன கேட்டு வந்தாலும் ஒரே பதில்: "இருக்கறதுல பாப்போம்."

இந்த முறை இருக்கிறதில் பார்க்க முடியவில்லை. வந்திருந்தது முதியோர் நலத்திட்டம். அதில் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் உண்டு. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டித் துணி மாற்ற வீட்டுக்கே ஆள் வரும். மற்றவர்கள் பகலில் கூடிப் பேச ஒரு கூடம், அங்கே போய்வர இன்னொரு வேன். ஊரில் இதைப் பிடிக்காதவர் கிடையாது. ஆனால் செலவு வருடா வருடம் ஏறி மன்றத்தின் கழுத்தைப் பிடித்தது. மேட்டுத்தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து மாதக்கணக்காகிறது, மாற்றக் காசில்லை. திட்டத்தை அடியோடு மூடு என்றது ஓர் அணி. ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்றது பொத்தான்காரரின் அணி. இரண்டும் சரிசமம். முடிவு தலைவரின் கையில்.

அந்தக் கூடத்து வேனில் தினமும் போகிறவர்களில் ஒருவர், அக்காவின் மாமனார்.

பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், எழுந்து போவார். அக்காவின் கணவருக்கு வெளியூர்த் தொழிற்சாலையில் வேலை; வார இறுதியில்தான் வீடு. அக்காவுக்கோ கடை, மன்றம். எப்போது வேன் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியதோ, அப்போதுதான் மனிதர் மறுபடி சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். வேனில் ஏறியதும் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை அடைக்காதீங்க" என்று பழைய குரலில் சத்தம் போடுவாராம். வேன் டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கூட்டத்தன்று காலை அக்கா அவரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் மன்றத்துப் பக்கம் வராதீங்க."

"ஏம்மா, பொதுமக்கள் வரலாம்னு போர்டு வெச்சிருக்கே?"

"நீங்க எதிர்ல உட்கார்ந்தா எனக்குக் கணக்கு ஓடாது."

மாமனார் தலைவாரிக்கொண்டார். வரப்போகிறார் என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது.

வந்தார். தனியாக அல்ல, ஒரு வேன் நிறைய ஆட்களோடு. பொதுமக்கள் பேசும் நேரத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று அக்கா அறிவித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தலைவர் அவர்களே" என்றார் மாமனார். மன்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நான் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போறதில்லைங்க. பொய் சொல்லக் கூடாது. காலு நல்லாத்தான் இருக்கு. வீட்டுல காலைல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. தப்பு சொல்லலை, போகத்தானே வேணும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் என்கூடப் பேசறது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் பாதிப் பேச்சுல நின்னுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல ஹாரன் கேட்டா, என்னையும் ஒருத்தர் கூப்பிடறார்னு இருக்கு. அதுக்குத்தான் போறேன். அங்க போனா எனக்கு…"

நேரம் முடிந்திருந்தது. அதற்கு முன் பேசிய உறுப்பினர்கள் எல்லோருக்கும் அக்கா அடித்த மணியை இவருக்கு மட்டும் எப்படி அடிக்காமல் இருப்பது? அடித்தார். காலமெல்லாம் மணியடித்து வண்டியை நிறுத்திய மனிதர், பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிட்டார். மாமனார் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அக்கா மூன்றாவதாக ஒரு வழியைச் சொன்னார். ஆஸ்பத்திரி வேனிலும் வீட்டுக்கு வரும் ஆட்களிலும் கை வைக்க வேண்டாம். கூடத்து வேன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடட்டும். மிச்சத்தில் குழாயைப் போடலாம். இரண்டு அணிக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் வாக்கெடுப்பில் இரண்டு அணியிலும் பாதிப் பேர் ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு; மறுபடி சரிசமம். கடைசியில் அக்கா தன் கையைத் தூக்கினார். மாமனார் இருந்த திசைக்குப் பார்வை போகவே இல்லை.

வெளியே வரும்போது பொத்தான்காரர் கேட்டார்: "சொந்த மாமனாரையே வண்டியை விட்டு இறக்கிட்டீங்களே, அக்கா?"

"இருக்கறதுல பாத்தேன்" என்று சொல்ல வாயெடுத்த அக்கா அதைப் பாதியில் விட்டுவிட்டார். கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நடந்துவிட்டார்.

இரவு வீட்டில் மாமனார் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"படுக்கையில கெடக்கறவங்களுக்கு ஆள் வரும்ல?"

"வரும் மாமா."

"அப்பச் சரி." தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார். "ஆனாலும் எனக்கே மணியடிச்சுட்டியேம்மா! முப்பது வருஷ சர்வீஸ்ல எவனும் எனக்கு அடிச்சதில்லை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. மாமனார் தட்டோடு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், "சரி சரி, விடு" என்றார்.

வேன் வராத முதல் நாள் வந்தது. மாமனார் பழக்கதோஷத்தில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாமா, கடைக்கு வர்றீங்களா? அளவு கொடுக்க வர்றவங்க முட்டி மோதிக்கிட்டு நிக்கறாங்க. வரிசையா உட்கார வைக்க ஒரு குரல் வேணும்."

"பாவம்னு கூப்பிடறியா?"

"பாவமா? கூட்டம் தாங்கலை."

அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்ததே ஏழெட்டுப் பேர்தான். மாமனாருக்கும் அது தெரியாமலா இருக்கும்? மருமகளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா பின்சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு கைப்பையைத் தோளில் தள்ளிக்கொண்டு, தெருவில் குனிந்து, பின்சீட்டில் உட்காருபவர் கால் வைக்க மடங்கிக் கிடந்த கால்மிதிகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகத் தன் கையாலேயே இறக்கிவிட்டார்.