எங்கள் ஜீப்பில் டீசல் இருந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் யோசித்தே ஓட்டிவிட்டேன். எழுதினால் சாமி குத்தம் என்பார்கள். எழுதாவிட்டால் நடக்காத ஒன்று நடந்ததாகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். விளக்குப் பொருத்தாமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

எங்களுக்குச் சின்னமனூர் பக்கம். வீட்டுக்காரர் பழைய டீசல் ஜீப் ஒன்று ஓட்டுகிறார். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவார், சாயந்தரம் கூட்டி வருவார். காய் எடுக்கிற நாளில் நானும் கூடப் போவேன்.

மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். போடியில் ஒரு சாவு, கேதம் கேட்க அவர் பஸ்ஸில் போயிருந்தார். மத்தியானம் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. கொழுந்தனார்தான் ஜீப்பை எடுத்தார். சாவியைப் போட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"மதினி, முள்ளு அடியில கெடக்கு. டீசலே இல்ல."

வழியில் பங்க் இல்லாமலா போகும்? ஆனால் பேட்டரி வீக்கான வண்டி. நிறுத்தினால் நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மகளோ என் மடியில் தலையை முட்டி முட்டி, "நிறுத்தாதீகம்மா" என்று கத்துகிறாள். "ஓட்டுங்க, ஆத்தா இருக்கா" என்றேன். வழி முழுக்க அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். தேனி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்ற பிறகும் இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

கொழுந்தனார் டீக்கடையில் சொன்னார், "வெறும் டேங்க்ல தேனி போனோம்." அது உத்தமபாளையம் போய்ச் சேர்வதற்குள், "தண்ணிய ஊத்தி ஓட்டுனாகளாம்" என்று ஆகிவிட்டது. நானும் மறுத்துப் பேசவில்லை. வெறும் டேங்க் என்றுதான் நானும் நம்பினேன்.

அதற்கப்புறம் வீட்டுக்காரர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். முள் அடியில் விழுந்தாலும் கண்டுகொள்வதில்லை. "கெடக்கட்டும், ஆத்தா ஓட்டிக்குவா." வண்டியும் ஓடியது. ஓட ஓட அவருக்குத் தைரியம் கூடியது. பின்சீட்டில் பெண்கள், "பங்க்குக்காரன் பொழப்புல மண்ணப் போட்டியே மதினி!" என்று என்னைக் கேலி பண்ணுவார்கள்.

எனக்குத்தான் அந்த முள்ளின் மேல் ஒரு கண். முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வருவேன். தீரத் தீர மெல்ல இறங்குவதுதானே முறை? இது சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் ஒழுங்காக இறங்கும், அங்கிருந்து பொத்தென்று விழும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் எழுந்து நிற்கும். ஏற்றத்தில் ஒரு மாதிரி, சமதரையில் ஒரு மாதிரி. குடத்துத் தண்ணீர் குலுக்கினால் கூடுமா?

"உள்ள என்னதாங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு மிதவை இருக்கும். அதெல்லாம் ஒனக்கெதுக்கு?"

பிறகு ஒரு நாள் கம்பமெட்டு ஏற்றத்தில், வளைவு திரும்பும்போது ஜீப் இருமியது. இன்னொரு தரம் இருமி நின்றுவிட்டது. இஞ்சின் நின்றதும் பிரேக் பெடல் மிதிபடாமல் கல்லாக இறுகிவிட்டது. அவர் எழுந்து நின்று மிதிக்கிறார், வண்டி பின்னால் உருளுகிறது. கீழே பள்ளம். பின்னால் இருந்த பெண்கள் குதித்து, கையில் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். அப்புறம்தான் நின்றது. அன்றைக்கு டேங்க் நிஜமாகவே காய்ந்துபோயிருந்தது. முள் எப்போதும் போல அடியில் கிடந்தது, அவரும் எப்போதும் போல நம்பி ஏறிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டேங்கைத் திறந்து பார்க்கலாம் என்றேன்.

"ஆத்தாவச் சோதிக்கிறியா?"

"ஆத்தாவ இல்லங்க. முள்ள."

முணுமுணுத்துக்கொண்டேதான் சீட்டைத் தூக்கினார். டேங்குக்கு மேலே வட்டமாக ஒரு மூடி, அதிலிருந்து ஒயர். திருகாணிகளைக் கழற்றி இழுத்தால், மூடியோடு சேர்ந்து ஒரு கம்பி வளைந்து வளைந்து வருகிறது. நுனியில் எலுமிச்சம்பழ அளவில் மிதவை. டீசல் ஏறினால் மிதவை ஏறும், கம்பி நகரும், முள் நகரும். அவ்வளவுதான் சங்கதி.

ஒயரைக் கழற்றாமல், மூடியை வண்டி பாடியில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார், அப்போதுதான் கரண்ட் ஓடுமாம். கொழுந்தனார் முன்னால் சாவியைப் போட்டார். நான் மிதவையை விரலால் மெதுவாகத் தூக்கினேன்.

"ஏறுது மதினி... ஏறுது... எறக்குங்க... ம்... ம்... அய்யோ விழுந்துருச்சு!"

இன்னும் கொஞ்சம் இறக்கினேன். முள் எழும்பவே இல்லை. மறுபடி தூக்கினேன், எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இத்தனை நாள் பயந்து, கும்பிட்டு, பார்த்துக் கிடந்த முள் என் விரலுக்கு ஆடுகிறது.

வீட்டுக்காரர் கம்பியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நூல் மாதிரி மெல்லிய கம்பி சுற்றிய ஒரு பட்டை, அதன் மேல் உரசிப் போகிற சின்னப் பித்தளை நாக்கு. பட்டையில் முக்கால்வாசி புதுசு போல மினுங்குகிறது. கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்து தேய்ந்து நாக்கு தொடாமல் போயிருக்கிறது.

"இங்கன மட்டும் ஏன் தேஞ்சிருக்கு?" என்றேன்.

அவர் பித்தளை நாக்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "நாம என்னைக்கு டேங்க் நெறையப் போட்டோம்? கால் டேங்க் போடுவோம், தீரும், திரும்பப் போடுவோம். அது அந்த எடத்துலயேதான ஏறி எறங்கியிருக்கு."

பட்டையின் மேல்பக்கத்தை நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தியதே இல்லை! கால் டேங்குக்குச் சற்றுக் கீழே வந்ததும் முள் விழுந்திருக்கிறது. மகளைக் கூட்டிப் போன அன்றைக்கும் ஏறக்குறைய கால் டேங்க் இருந்திருக்கும், தேனிக்கு அது தாராளம். பித்தளை நாக்கை இடுக்கியால் ஒரு இணுக்கு வளைத்து, பட்டையின் தேயாத ஓரத்தில் படும்படி வைத்தார். துடைத்து மாட்டினோம். முள் விழாமல் இறங்கியது.

நான் போய் விளக்கேற்றினேன். நான் அம்மனைக் கேட்பதற்கு முந்தியே டீசல் இருந்ததா, கேட்கப்போகிறேன் என்று தெரிந்து அவள் வைத்திருந்தாளா? என் படிப்புக்கு அது எட்டவில்லை. இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

"இத வெளிய சொல்ல வேணாம். ஆத்தா பேரு போயிரும்" என்றார் அவர்.

"மலையில உருண்டுருந்தா யாரு பேரு போயிருக்கும்?"

மறுநாள் ஜீப் கிளம்புமுன் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்திக்குக் கோபம். "அப்ப இந்த வண்டிக்காக ஆத்தாவுக்கு நான் எடுத்த மாவெளக்கு?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "சாமி தின்னுருச்சாக்கும்? நீதான ஏத்தா தின்ன!" என்றதும் அவளும் சிரித்துவிட்டாள். அவர் நேரே பங்க்குக்கு ஓட்டினார்.

ஆனாலும் அந்தப் பழைய கதை நிற்கவில்லை. மீட்டர் கண்ணாடியில் குங்குமம் அப்பிக்கொண்டு, முள்ளைப் பார்க்காமல் மலை ஏறுகிற ஜீப்புகள் இன்னும் இருக்கின்றன. அதில் யார் வீட்டுப் பெண்களோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால், இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், நான் எழுதியபடியே சொல்லுங்கள். தண்ணீரில் ஓடியது என்று கூட்ட வேண்டாம். சாமி இல்லை என்று அந்த வீட்டுக்காரி சொன்னாள் என்றும் சேர்க்க வேண்டாம், நான் சொல்லவில்லை. டீசல் இருந்தது, முள் காட்டவில்லை, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். இன்னொரு நாள் டீசல் இல்லை, வண்டி உருண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைச் சொல்லாதீர்கள்.