செய்யாத திருட்டை ஜெசிந்தா ஏன் ஒப்புக்கொண்டாள்

1. "இன்னிக்கு இன்னா கெழம?"

சட்ட உதவி வக்கீலாகச் சிறைக்குப் போகும்போது கட்சிக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் தண்டனையைப் பற்றித்தான். எத்தனை வருஷம் போடுவாங்க, ஜட்ஜ் எப்படி, இப்படி. ஜெசிந்தா கேட்டது வேறு.

"மேடம், இன்னிக்கு இன்னா கெழம?"

செவ்வாய் என்றேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப இன்னிக்கு அவருக்கு டயாலிஸிஸ். ஃப்ளோரா இட்டுக்கினு போனாளா இல்லியான்னு தெரியலியே."

அவர் என்றது கணவர் பீட்டரை. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று முறை ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கூட ஆள் இல்லாமல் அவரால் மாடிப்படி இறங்க முடியாது. ஃப்ளோரா, ஜெசிந்தாவின் தங்கை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. சாந்தோமில் மூவரும் ஒரே வீடு.

ஜெசிந்தா மயிலாப்பூரில் ஒரு வீட்டில், நினைவு தடுமாறிப் போன ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டராக இருந்தாள். ஏஜென்ஸி மூலம் கிடைத்த வேலை. அந்த வீட்டில் பெரியவருடைய மறைந்த மனைவியின் வைரத்தோடு காணாமல் போனது. வெளியாள் என்று அந்த வீட்டுக்குள் வந்துபோனவள் இவள் ஒருத்திதான். புகார், கைது, ரிமாண்ட்.

"எடுத்தியாம்மா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"அந்தத் தோட்டை நான் பாத்ததே ரெண்டு தபா மேடம். ரெண்டு தபாவும் பெரியவரு கையில வச்சிக்கினு அழுதுக்கினு இருந்தாரு."

2. ஜாமீன் கிடைத்தது, ஆள் வெளியே வரவில்லை

வழக்கில் ஓட்டைக்குக் குறைவில்லை. ஓர் அடகுக்கடையில் அவள் தோட்டை விற்றதாகவும், கடைக்காரர் அதை உருக்கிவிட்டதாகவும் போலீஸ் சொன்னது. ஒரு சின்னத் தங்கக் கட்டியை ரெகவரி, அதாவது மீட்ட பொருள் என்று காட்டினார்கள். வைரம் எங்கே என்பதற்குப் பதில் இல்லை. அதைவிட முக்கியம், அவள் கடைக்குப் போனதாகச் சொன்ன காலையில் அவள் டயாலிஸிஸ் வார்டில் பீட்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸைப் போய்ப் பார்த்தேன். "எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார் அந்த அம்மா.

ஜாமீனும் கிடைத்தது. ஆனால் அவளுக்காகப் பிணை நிற்க இரண்டு ஷ்யூரிட்டி வேண்டும், இருவருக்கும் சொந்த வீட்டு வரி ரசீது வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் தெருவில் யாருக்குச் சொந்த வீடு? சர்ச்சுக்கு வரும் ஒரு ரிடையர்டு வாத்தியார் சம்மதித்து கோர்ட் வரைக்கும் வந்தார். வாசலில் ஒரு ஏட்டு, "இது திருட்டு கேஸ் சார், அவ ஓடிட்டா உங்களைத்தான் தேடி வருவோம்" என்றதும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷ்யூரிட்டி நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டேன். தள்ளுபடி. மறுபடி போட்டேன். அதற்குள் குற்றப்பத்திரிகையே தாக்கலாகிவிட்டது.

ஒரு புதன்கிழமை மதியம் ஃப்ளோராவிடமிருந்து போன். "மேடம், மாமாவுக்கு மூச்சு வாங்குது. நேத்து டயாலிஸிஸ் போவல. கடையில லீவு தரல மேடம், இன்னொரு நாள் லீவு போட்டா வரவே வேணாம்னு சொல்லிட்டாங்க. இப்ப எமர்ஜென்ஸில கீறோம்."

அன்று அவர் பிழைத்தார். சிறைக்குள் இருந்த ஜெசிந்தாவுக்கு அது மறுநாள்தான் தெரிந்தது.

3. பேரம்

வெள்ளிக்கிழமை அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு வழக்கறிஞர் என்னை வராந்தாவில் ஓரமாக அழைத்தார். நல்ல மனிதர்தான்.

"மேடம், குத்தத்தை ஒத்துக்கிட்டு ப்ளீ பார்கெயினிங் போட்டுடுங்க. முதல் குற்றம். உள்ள இருந்த காலமே போதும்னு முடிச்சுடலாம். புகார் கொடுத்தவங்களும் ஒத்துக்குவாங்க. நாலஞ்சு நாள்ல வீட்டுக்குப் போயிடுவா."

"சார், அவ பண்ணலை. நர்ஸைக் கூண்டுல ஏத்தினா கேஸ் நிக்காது."

"நர்ஸை எப்ப ஏத்துவீங்க? நம்ம கோர்ட்ல டிரையல் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குக் கேஸ்ல ஜெயிக்கணும். அந்தப் பொம்பளைக்கு வீட்டுக்குப் போகணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முடிவு அவளுடையது. ஜெசிந்தாவிடம் போய் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். ஒப்புக்கொண்டால் திருடி என்று தீர்ப்பு வரும், ஏஜென்ஸி திரும்பச் சேர்க்காது, அப்பீல் கிடையாது என்றேன். ஷ்யூரிட்டி மனு திங்கட்கிழமை வருகிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்றேன்.

"திங்கக்கெழம ஜட்ஜு சரின்னுவாரா மேடம்?"

"சொல்லலாம்."

"இல்லன்னா?"

"மறுபடி மனுப் போடணும்."

"நான் திருடலன்னு கர்த்தருக்குத் தெரியும், எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். மத்தவங்க இன்னா வேணா சொல்லிக்கட்டும். அவரு செத்தப்புறம் நான் நல்லவன்னு எழுதிக் குடுத்தா, அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

4. மூடிய அறையில்

இந்த மனுவில் நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் யாரும் இருக்கக் கூடாது. அதனால் நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

"யாராவது மிரட்டினாங்களா? நீயா முன்வந்துதான் சொல்றியா?"

"யாரும் மிரட்டலைங்க ஐயா."

அது உண்மை. யாரும் அவளை மிரட்டவில்லை. நீதிபதியும் கடமையை ஒழுங்காகத்தான் செய்தார். ஒரு ஷ்யூரிட்டி கிடைக்காததையும், ஒருநாள் தவறிய டயாலிஸிஸையும் மிரட்டல் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அடுத்து இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் கூட்டம். மயிலாப்பூர் வீட்டு மருமகள் வத்சலா வந்திருந்தார். நஷ்ட ஈடு ஏதும் வேண்டாம் என்றார். "எப்படியாவது முடிச்சுடுங்கோ, போறும்" என்றவர், எதிரில் இருந்த ஜெசிந்தாவின் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. ஜெசிந்தாதான், "பெரியவரு சாப்புடுறாராம்மா?" என்று கேட்டாள்.

வத்சலா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

தீர்ப்பு நாளன்று திறந்த நீதிமன்றத்தில், அவள் குற்றவாளி என்று சத்தமாகப் படித்தார்கள். உள்ளே இருந்த காலமே தண்டனை. அன்று மாலையே வெளியே வந்தாள். அடுத்த முறை டயாலிஸிஸுக்குப் பீட்டருடன் அவள்தான் போனாள்.

5. டிரான்சிஸ்டர்

ஏஜென்ஸி அவளைச் சேர்க்கவில்லை. போலீஸ் வெரிஃபிகேஷனில் தண்டனை காட்டியது. தேனாம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள்.

சில மாதம் கழித்து வத்சலா என் அலுவலகத்துக்குத் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தோடு கிடைச்சுடுத்து."

பெரியவரின் பழைய டிரான்சிஸ்டர் பாடவில்லை என்று பேட்டரி மாற்றத் திறந்திருக்கிறார்கள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சில் சுற்றி, இரண்டு தோடும் வைரம் கழலாமல் இருந்தன.

"அவர்தான் ஒளிச்சு வெச்சிருக்கார். எங்காத்துல ஒருத்தருக்கும் தோணலை. அவள் போனதுலேர்ந்து சரியாச் சாப்பிடறதில்லை, ஜெசி ஜெசின்னு கூப்பிட்டுண்டே இருக்கார். கேஸை வாபஸ் வாங்கிடலாமா?"

"வாபஸ் வாங்கக் கேஸ் இல்லைம்மா. முடிஞ்சு போச்சு. தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட்ல ரிட் போடலாம். நீங்க நடந்ததை அப்படியே சொல்லி அஃபிடவிட் கொடுக்கணும்."

"எங்காத்துக்காரர் வேண்டாங்கறார். பொய்ப் புகார்னு எங்க மேலயே திரும்பும்னு பயப்படறார்."

ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவளுக்கும் விருப்பமில்லை. "மறுபடியும் கோர்ட்டா? வேணாம் மேடம்." ஆனால் வத்சலா அவள் வீட்டுக்கே போய், மாமனாரைப் பார்த்துக்கொள்ள வரும்படி கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்ன பதிலை ஃப்ளோராதான் எனக்குச் சொன்னாள்:

"வரேம்மா. பெரியவரு மேல எனக்கு இன்னா கோவம்? ஆனா திருடின்னு கோர்ட்ல படிச்சாங்க. இல்லன்னு அங்கியே வந்து சொல்லுங்க, மறுநா காலையில வரேன்."

வத்சலா அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டார். கணவருக்குத் தெரிந்தேதான் போட்டார். அந்த வீட்டில் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. போலீஸ் காட்டிய தங்கக் கட்டி யாருடையது என்றும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த அன்று ஜெசிந்தா வரவில்லை. டயாலிஸிஸ் நாள். போன் செய்தேன்.

"சத்தமா படிச்சாங்களா மேடம்?"

நீதிபதி சொன்னது 'மனு அனுமதிக்கப்படுகிறது' என்று மட்டும்தான். உத்தரவு நகல் கைக்கு வந்ததும் நான் படிக்கிறேன் என்றேன். நகல் கிடைத்த அன்றும் அவள் வார்டில்தான் இருந்தாள்.

"இருங்க மேடம், ஸ்பீக்கர்ல போடுறேன். அவரும் கேக்கட்டும்."

ஹைகோர்ட் வராந்தாவில் நின்று, ஆட்கள் திரும்பிப் பார்க்க, முழுவதையும் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். போனில் மெஷின் சத்தமும், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. மறுநாள் காலை அவள் பெரியவர் வீட்டுக்குப் போனாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று தெரிந்ததும் சாட்சி, குறுக்கு விசாரணை என்று மனம் ஓடும். அது பிறகு. அவரை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். ஷ்யூரிட்டிக்கு அலையுங்கள், எத்தனை முறை தள்ளினாலும் மனுப் போடுங்கள். எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிடுங்கள். வெளியே இருப்பவரால்தான் 'நான் செய்யவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியும்.