நாற்பது நிமிட விளையாட்டின் விலை

போன குளிர்காலம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நான் பக்கம் வடிவமைத்து வந்த தமிழ் வாரப் பத்திரிகை நின்றுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் சொமாஜ் காசில், அதாவது வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்தில், வீட்டில் இருந்தபடி ஒரு கணினி விளையாட்டுச் செய்தேன். மனைவி ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தாள். சொமாஜ் முடிவதற்குள் அது விற்றால் இரண்டாவது விளையாட்டைத் தொடங்கலாம். விற்காவிட்டால் அவளுடைய அண்ணன் சமைக்கும் உணவகத்தில் பிளோஞ். பாத்திரம் கழுவும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர்.

விளையாட்டு சிறியது. புதிதாக வந்த ஒருவன் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். மொழி தெரியாது, விலாசம் இல்லை. லாச்சப்பலில் தனக்குத் தெரிந்தவர் வேலை செய்யும் கடையின் பெயர் மட்டும் தெரியும். வழியில் காண்பவர்களை விசாரித்து அவனை அந்தக் கடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். விளையாடிப் பார்த்த நண்பர்கள் இன்னும் நீட்டச் சொன்னார்கள். பத்திரிகையில் இடம் நிரப்புவதற்காகச் செய்திகளை நீட்டி நீட்டி எனக்கு அலுத்துவிட்டது. மறுத்துவிட்டேன்.

விலைதான் பெரும்பாடாக இருந்தது.

"பத்து ஈரோவுக்குக் கீழ போட்டா சனம் பழுதெண்டு நினைக்கும், மச்சான்" என்றார் மனைவியின் அண்ணன். விளையாட்டுச் செய்யும் ஒரு பிரெஞ்சுக்கார நண்பர், நாற்பது நிமிடத்துக்கு ஐந்தே அதிகம் என்றார். கடைசியில் ஒரு கொத்துரொட்டியின் விலையைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, இணையக் கடையில் ஏற்றினேன்.

எங்கள் ஆட்கள் இணையத்தில் தேடி வாங்கமாட்டார்கள் என்று நினைத்து, புத்தகத்துக்குச் செய்வதுபோல ஒரு வெளியீட்டு விழாவும் வைத்தேன். ஓர் உணவகத்தின் மேல்மாடி மண்டபம், குத்துவிளக்கு, வாழ்த்துரை எல்லாம் இருந்தன. ஆய்வுரை நிகழ்த்தியவர் விளையாட்டைப் பார்த்திருக்கவில்லை. தமிழின் தொன்மை பற்றிப் பேசினார். பிரதிக்குப் பதிலாக, தொலைபேசி அட்டைபோலச் சுரண்டினால் இரகசிய இலக்கம் தெரியும் அட்டைகளை அடித்திருந்தேன். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் விளையாட்டு கணினியில் இறங்கும். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து என்வலப்பைத் தந்து, அட்டையை வாங்கி, படத்துக்கு நின்றார்கள். ஒரு பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில ஊருக்கு எத்தினை நிமிசம் கதைக்கலாம்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என்வலப்புகளில் அட்டையின் விலையைவிடப் பல மடங்கு இருந்தது. கலியாண வீட்டுக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்திருந்தார்கள். மண்டபச் செலவும் சாப்பாட்டுச் செலவும் போக அதில் மிஞ்சியது சொற்பம். எந்த அட்டை பயன்படுத்தப்பட்டது என்பதை என் கணினியில் பார்க்கலாம். வாரக்கணக்காகப் பார்த்தேன். சுரண்டியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

இணையத்தில் நேர்மாறு. அங்கே வாங்கியவர்கள் கடைசிவரை விளையாடினார்கள். விளையாடிவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அந்தக் கடையின் விதி. என்னுடையதை முடித்துவிட்டு ஒரு தேத்தண்ணியும் குடித்து ஆறுதலாகத் திருப்பிக் கொடுக்க நேரம் இருந்தது. காரணம் எழுதும் இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "நன்றாக இருந்தது. முடிந்துவிட்டது."

இங்கே பணம் கொடுத்தவர்கள் விளையாடவில்லை. அங்கே விளையாடியவர்கள் பணம் கொடுக்கவில்லை. சொமாஜ் முடிந்தது. பிளோஞ்சுக்குத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். விலையைப் பூச்சியமாக்கிவிட்டு இதை மறந்துவிடலாம் என்று கணினியைத் திறந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து ஒரு தமிழ் இளம்பெண் பிரெஞ்சில் எழுதியிருந்தாள். அவளும் முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கியவள்தான். அவள் விளையாடும்போது தகப்பன் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் தனக்கும் அதைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். பணம் திரும்பியதும் விளையாட்டு அவளுடைய கணினியிலிருந்து போய்விட்டதால் மறுபடியும் வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் அதை விடவில்லையாம். என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். தகப்பனுக்கு அறுபது வயதிருக்கும். மகள் கைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். அவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள்.

"நீரோ தம்பி இதைச் செய்தது?"

"ஓம், அண்ணை."

"ஒவ்வொரு தரமும் வேணுமெண்டு பிழையான பக்கம் திருப்பிப் பாத்தன். நீர் விடுறீரில்லை. யாரோ ஒருத்தன் வந்து சரியான வழியைக் காட்டிப்போடுறான். எங்கை போனாலும் சுத்திக் கொண்டந்து கடை வாசலிலதான் விடுறீர்."

"விளையாட்டு அப்பிடித்தான் அண்ணை முடியும்."

"இவ்வளவு நல்ல சனம் அப்ப லாச்சப்பலில இருந்ததோ?" சிரித்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் இப்பிடித்தான் ஒரு கடைப் பேரோட வந்திறங்கினனான். போய்ச் சேரேக்குள்ளை கடை பூட்டிக் கிடந்தது. பேர்ப்பலகையையும் கழட்டிப்போட்டாங்கள். அது இதில வருதோ எண்டுதான் தேடினனான்."

மகள் கைபேசியைக் கீழே வைத்தாள். பிரெஞ்சில் ஏதோ தொடங்கி நிறுத்தினாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்ததுபோலத் தமிழில் கேட்டாள்.

"அப்ப... நீங்கள் எங்கை படுத்தனீங்கள், அப்பா?"

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். அவள் குடிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

பத்திரிகையில் இருந்த எனக்கு அந்த இடத்தில் கேட்கப் பல கேள்விகள் இருந்தன. அந்தக் கதை மகளுக்குரியது என்று பட்டதால், தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை பிளோஞ்சுக்குப் போனேன். இன்றைக்கும் போகிறேன், கை தோல் உரிகிறது, இரண்டாவது விளையாட்டு தொடங்கவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு விற்கின்றன, அவற்றிலும் சில திரும்பி வருகின்றன. அந்த நாற்பது நிமிடத்துக்குச் சரியான விலை என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தகப்பனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதைக் காதால் கேட்ட பிறகு, அதைப் பூச்சியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.