இரண்டு ஷிப்ட் சார்ட்டுகள்

பிரிந்தபோது எழுதியபடி, ஞாயிறுதோறும் மகள் அவள் அப்பாவிடம் இருக்க வேண்டும். அவருக்கு மண்ணூரில் தொழிற்சாலை வேலை, எனக்கு ஒரகடத்தில். எங்கள் இருவருக்குமே வார விடுமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பாதி ஞாயிறுகள் சண்டையில் முடிந்தன. சமரச மையத்துக்கு நான்தான் மனு கொடுத்தேன்.

"இன்னா, மறுபடியும் பஞ்சாயத்தா?" என்று அவர் முறைத்துக்கொண்டே வந்தார்.

என் ஷிப்ட் சார்ட்டை மேஜையில் விரித்தேன். அவரும் தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சமரசம் பேச வந்த வக்கீலம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்களுக்கா புரியாது?

"நீ நைட் ஷிப்ட் போற வாரமெல்லாம் எனக்குப் பகல் ஷிப்ட்தான், பாப்பா என்னாண்ட இருக்கட்டும்," என்றார். பத்தே நிமிடத்தில் மாதம் முழுவதையும் பிரித்துவிட்டோம்.

கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் இருந்த ஏழு வருடமும் இந்த இரண்டு தாள்களை நாங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.