வெள்ளித்தாளுக்குப் பின்னால் மோடம்

சிவகாசியில் காலண்டர் சீசன் வந்தால், அச்சகத்திலிருந்து வெள்ளித்தாள் பதித்த அட்டைகளை வாங்கி வீட்டிலேயே தேதித்தாள் ஒட்டிக் கொடுப்பேன். துபாயில் இருக்கும் என் கணவரும் இங்கே என்னோடு இருக்கும் மகளும் தினமும் ஆன்லைனில் கேரம் ஆடுவார்கள். ஒரு வாரமாக ஆட்டம் நின்று நின்று ஓடியது. “வேணும்னே இழுத்தடிக்கா” என்று கோபித்து அவர் ஆடுவதையே நிறுத்திவிட்டார். “நான் இல்லம்மா, நெட்டுதான் சுத்துது” என்று மகள் அழுதாள். நானும் நம்பாமல் திட்டினேன்.

கடைசியில் இன்டர்நெட்காரரை அழைத்தேன். லேப்டாப்பை மோடத்தோடு வயரில் இணைத்து அதே ஆட்டத்தைத் திறந்தார். தடையில்லாமல் ஓடியது.

“லைன்ல குறையில்லக்கா. இம்புட்டு வெள்ளித்தாள் அட்டைய மோடத்துக்கு முன்னாடி அடுக்கி வச்சிருக்கீக, வைஃபை எப்படி வெளிய வரும்?”

அடுக்கியவள் நான்தான். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் அட்டை லோடு வந்தால், மகள் காட்டும் மூலையில்தான் இறக்குகிறேன்.