யானைப் பொம்மையின் காது

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1991இல் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நானும் என் ஓரகத்தியும் வேலை பார்த்தோம். அமுக்கினால் கீச்சென்று கத்தும் பொம்மைகள் செய்யும் இடம். பிளாஸ்டிக் மாவில் எண்ணெயும் சாயமும் கலந்து, அச்சில் ஊற்றி, சூட்டில் வேகவைத்து எடுப்போம். அது சமையல் எண்ணெய் இல்லை. டிரம்மில் வரும், தண்ணீர் போல நிறமே இருக்காது. அது சேர்ந்தால்தான் பொம்மை மெத்தென்று வரும். கூடிப்போனால் பிசுபிசுக்கும், ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவோம்.

அந்தப் பெட்டியிலிருந்து நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பல் முளைக்கும் பிள்ளை வைத்திருப்பவளுக்கே முதல் உரிமை. ஈறு நோகக் கூடாதென்று, இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதைத் தேடி எடுப்போம். ஓரகத்தி தன் மகனுக்கு ஒரு யானையைக் கொண்டுபோனாள். பிசுபிசுப்புப் போக முகப்பவுடர் தடவி, தூளிக் கயிற்றில் கட்டிவிட்டாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் யானையின் ஒரு காது அவன் வாயில்தான்.

சில மாதம் கழித்து, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பையிலிருந்து அந்த யானையை எடுத்தாள்.

“அக்கா, இத்த அமுக்கிப் பாரு. உடம்பு மெத்துனு கீது. அவன் கடிச்ச காது மட்டும் கட்டையாட்டம் ஆயிடுச்சி.”

எதிரில் இருந்தவள் சிரித்தாள். “உன் புள்ள எண்ணெய உறிஞ்சிட்டான்டி! தலைக்குத் தடவுற செலவு மிச்சம்.”

எல்லோரும் சிரித்தோம். ஓரகத்தி சிரிக்கவில்லை.

“நானும் அதான் கேக்குறேன். காதுல இருந்த எண்ணெய் எங்க போச்சு?”

அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசரிடம் யானையை நீட்டினாள்.

“சார், இது புள்ள வவுத்துல போயிருந்தா இன்னா ஆவும்?”

அவர் உடம்பை அமுக்கினார். காதை அமுக்கினார். மறுபடியும் காதை அமுக்கினார்.

“தெர்லம்மா. கலக்கச் சொல்றாங்க, கலக்குறோம். எங்க வூட்லயும் ஒரு வாத்து கீது. என் பொண்ணு கடிச்சிக்கினுதான் கீறா.”

அன்று சாயங்காலம் அவள் யானையைத் தூளியில் கட்டவில்லை. பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்து அழுதான். கடிக்க வறுக்கி ரொட்டி கொடுத்தாள், தூக்கி எறிந்தான்.

“ஒரு பொம்மைக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? கட்டி வுடேன்,” என்றார் என் கொழுந்தனார்.

“கட்ட மாட்டேன்,” என்றாள். பிள்ளை அழுது அழுதே தூங்கினான்.

பல வருடம் கழித்து டிவியில் ஒரு டாக்டர் பேசக் கேட்டேன். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் சில ரசாயனங்கள் அதோடு ஒட்டி நிற்பதில்லையாம். குழந்தை சப்பும்போது எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமாம். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதிக்கலாமாம். அந்தப் பிள்ளை இப்போது ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். அன்றைக்கு உள்ளே போனது அவனை ஏதாவது செய்ததா, இல்லையா என்று யாரிடம் கேட்பது என எங்களுக்குத் தெரியவில்லை.

யானையைக் கட்டாத அந்த ராத்திரிக்கு மறுநாள் காலை, வழக்கம்போல வேலைக்குப் போனோம். அன்றைக்கு வாத்து அச்சு. சாயங்காலம் ரிஜெக்ட் பெட்டி நிறைந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதுவும் எடுக்கவில்லை.