ஆள் இல்லாத விசா

தையல் ஆலையில் அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது, தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல்களை நறுக்கும் வேலை கொடுத்தார்கள். பெயர் அப்படி வந்தது. பிறகு மெஷினில் உட்கார்ந்து காலர் தைக்கும் அளவுக்கு உயர்ந்தும் அந்தப் பெயர் போகவில்லை. அவள் பேச்சும் அப்படித்தான் இருந்தது. யாராவது நீட்டி முழக்கினால், "விஷயத்துக்கு வா" என்று பாதியிலேயே நறுக்கிவிடுவாள்.

அவள் கணவன் வெல்டர். இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் வேலை. சாயங்காலம் கண் சிவந்து வருவான். சட்டையெல்லாம் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அவள் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். மறுநாள் வேறு ஓட்டைகளோடு வந்து நிற்பான்.

"உங்க சட்டையைத் தைக்கறதுக்கு மீன் வலையைத் தைக்கலாம்" என்பாள். அவன் உதட்டோரம் கொஞ்சம் அசையும். அவன் சிரிப்பு அவ்வளவுதான்.

இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு. அவர்கள் இருவர், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள், மாமியார், அதே பட்டறையில் வேலை செய்யும் கொழுந்தன். அண்ணனும் தம்பியும் அச்சு அசல் ஒரே முகம். தம்பிக்கு வயது குறைவு, மீசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால் இருந்து பார்த்தால் மாமியாரே சில சமயம் பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிடுவாள்.

வெளிநாட்டில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது கணவனுடைய நெடுநாள் ஆசை. முதல் தடவை எல்லாம் கூடி வந்த நேரத்தில் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. இரண்டாம் தடவை வேலைக்கான பெர்மிட் வந்தது. பிரித்துப் பார்த்தால் வெல்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் தோட்டக்காரன் என்று இருந்தது. "அதனால என்ன, போய்ச் செடிக்கெல்லாம் வெல்டிங் வெச்சுட்டு வாங்க" என்றாள் கத்திரி. வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. தொழில் பரீட்சையில் இரண்டு இரும்புத் தகடுகளை அவன் ஒட்டிக் கொடுத்ததைப் பார்த்து, வந்திருந்த அதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தாராம். மருத்துவப் பரிசோதனையில் ரத்தம், எக்ஸ்ரே, கண், நெஞ்சு எல்லாமே நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கப் போன இடத்தில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவன் வந்து சொன்னபோது, "அது உங்களுக்குக் கஷ்டமே இல்லையே" என்றாள். இனி விசா ஒன்றுதான் பாக்கி.

அதற்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு காலை, பட்டறைக்குக் கிளம்பி, செருப்பைப் போட்டவன் அப்படியே சுவரில் சாய்ந்தான். "நெஞ்சு பிசையுது" என்றான். அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தலை தொங்கிவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் ஓடி வந்து நாடி பார்த்து, கண்ணைத் திறந்து பார்த்து, எழுந்து நின்றார். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று எழுதிய காகிதம் அப்போதும் அலமாரியில்தான் இருந்தது.

அவள் கத்தி அழவில்லை. ஆலையிலிருந்து வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அவனுடைய சட்டையில் தைக்காமல் விட்ட ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. அப்போதுதான் உடைந்தாள்.

இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று டாக்டர் தன் சான்றை எழுதிக் கொடுத்திருந்தார். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, நாளாகிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில்தான், அவனுடைய வெளிநாட்டு வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜெண்ட் வந்தார். அவருக்குச் சாவு விஷயம் தெரியாது. இனிப்புப் பெட்டியோடு வந்தார். பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டே, "விசா விழுந்துடுச்சும்மா! ஆளு எங்க?" என்றார்.

மாமியார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

ஏஜெண்ட் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்ததும் இனிப்புப் பெட்டியைச் செருப்புக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தார். கிளம்புகிற நேரத்தில், தண்ணீர் கொண்டு வந்த கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு குடும்பம் பொழைக்கணுமேன்னு சொல்றேன். தம்பியும் வெல்டர்தானே? மீசை வெச்சா அண்ணனேதான். ரேகையெல்லாம் அங்க எறங்கினப்புறம்தான் எடுப்பாங்க. சாவைப் பதிவு பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல" என்றான் கொழுந்தன்.

"அப்ப கொஞ்ச நாளைக்குப் பண்ணாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கத்திரி எதையும் உடனே நறுக்குகிறவள். அன்று அவள் வாயே திறக்கவில்லை. கணவன் எத்தனை ஆசைப்பட்ட வேலை, வீணாகத்தான் போக வேண்டுமா என்ற எண்ணம் அவளுக்கும் வந்தது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "போனவன் போயிட்டான். இருக்கறவனாச்சும் நல்லா இருக்கட்டும். பேருல என்ன இருக்கு? ரெண்டும் நான் பெத்ததுதானே?" அந்தத் தாய் கேட்டதில் நியாயமே இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கொழுந்தன் மீசை வளர்த்தான். அண்ணனுடைய கையெழுத்தைப் பழைய காகிதங்களில் போட்டுப் போட்டுப் பழகினான். காலையில் கண்ணாடி முன் அவன் நிற்கும்போது கத்திரி அந்தப் பக்கம் போக மாட்டாள். ஒருநாள் அவன் அண்ணனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, மகள் "அப்பா!" என்று ஓடிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டாள். திரும்பி வந்து அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அதன்பின் அவன் அந்தச் சட்டையைப் போடவில்லை.

பயணத் தேதி நெருங்கியபோது ஏஜெண்ட் ஒரு சாயங்காலம் ஒத்திகை பார்க்க வந்தார். ஏர்போர்ட்டில் என்ன கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல வேண்டுமாம். கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். கத்திரி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

அண்ணன் பெயரைச் சொன்னான்.

"பொறந்த தேதி?"

சொன்னான்.

கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "சித்தப்பா, அது எங்க அப்பாவோட பொறந்த நாளு. உங்களோடது இல்ல."

ஏஜெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"பொண்டாட்டி பேரு?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவளை அண்ணி என்றல்லாமல் வேறெப்படியும் கூப்பிட்டதே இல்லை அவன். ஏஜெண்ட் மறுபடி கேட்டார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னான்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. கத்திரி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"போதும். இது நடக்காது."

"அம்மா, எல்லாம் கூடி வந்திருக்கு..." என்று ஏஜெண்ட் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. நல்லதுன்னு நெனைச்சுத்தான் சொன்னீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்." கொழுந்தனிடம் திரும்பினாள். "தம்பி, நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் நடக்கணும். எந்தப் பேர்ல பண்ணிப்ப? உனக்குன்னு ஒரு பிள்ளை பொறந்தா அப்பன் பேருன்னு எதை எழுதுவ?"

அவன் கை மீசைக்குப் போனது.

மாமியார் குறுக்கிட்டாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டி. நாலு வருஷம்தானே?"

"அத்தை, அங்க கப்பல் மேல ஏறி நின்னு செய்யற வேலை. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. பெட்டியில யாரு வருவா? உங்க பெரிய மகன்னு எழுதித்தான் அனுப்புவாங்க. ஏற்கெனவே செத்தவரு திரும்பச் செத்தாருன்னு அழுவீங்களா? சின்னவன் உசிரோட இருக்கான்னு ஊருக்குச் சொல்வீங்களா?"

மாமியாரின் முகம் வெளுத்தது. "வாயைக் கழுவு" என்றாள்.

"கழுவறேன். ஆனா அவரு செத்துட்டாரு அத்தை. எம் புருஷன் செத்துட்டாரு. அதை ஒரு இடத்துலகூட எழுதக் கூடாதுன்னா, நான் யாரு?" அதுவரைக்கும் நிதானமாக இருந்த குரல் அந்த இடத்தில் பிசிறியது. மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, டாக்டர் சான்றோடு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று எழுத்தர் கடிந்துகொண்டார். "மனசு வரல சார்" என்றாள். அது பொய்யும் இல்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கிருந்தே பஸ் ஏறிப் பாஸ்போர்ட் அலுவலகம் போனாள்.

கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. "விசா புதுசா இருக்கே. இப்பதானே அடிச்சிருக்காங்க?"

"ஆமா மேடம். ஆளுதான் இல்ல."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். தன்னிடம் என்னென்ன கதைகளோடு ஆட்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது வேறு யோசனை சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரத்து முத்திரை குத்தி, அட்டையின் மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார். "வெச்சுக்கோங்க. போட்டோ இருக்கு, பாப்பாவுக்குக் காட்டலாம்" என்றார். கத்திரி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், பேத்தியைக் குளிப்பாட்டுவாள், மருமகளிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது. கொழுந்தன் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து மீசையை மழித்துவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"அண்ணி, அந்தப் பேரை எழுதறப்பல்லாம் அண்ணன் பின்னால நின்னு பாக்கற மாதிரியே இருக்கும். வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"சாப்பிட்டியா?" என்றாள் அவள்.

அடுத்த வருஷம் வெளிநாட்டுத் தையல் ஆலை ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்தார்கள். கத்திரி யாரிடமும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். காலர் தைத்துக் காட்டச் சொன்னார்கள். அவள் தைத்த காலரை, சோதிக்க வந்திருந்த ஆள் விரலால் நீவிப் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டான். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே வீடு திரும்பினாள். பிறகு அழைப்பு வந்தது. பாஸ்போர்ட், போலீஸ் சரிபார்ப்பு, மருத்துவம் என்று ஒவ்வொன்றாக அலைந்தாள். நெஞ்சைப் பரிசோதித்த டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "நிச்சயமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பெர்மிட்டும் விசாவும் சேர்ந்தே வந்தன. தையல்காரி என்று சரியாகவே போட்டிருந்தது. அதை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வருஷமாகப் பேசாத மாமியார் சுவரோரம் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"பிள்ளையை நான் பாத்துக்கறேன். நீ அங்க போயி எல்லார்கிட்டயும் வாயடிக்காம இரு."

"சரி அத்தை."

"வேளாவேளைக்குச் சாப்பிடு."

"சரி."

மாமியார் பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அங்கே ஆலை விடுதியில், ஒரு நீண்ட அறையில் அடுக்குக் கட்டில்கள். பாதிப் பெண்களின் பாஷை அவளுக்குப் புரியாது. நறுக்கிப் பேசுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது மாமியார் படுத்த படுக்கையானாள். கத்திரி லீவு கேட்டாள். ஆர்டர் முடியட்டும் என்றார்கள். ஆர்டர் முடியுமுன் மாமியார் போய்விட்டாள். கொழுந்தன் போனைத் தூக்கிப் பிடித்து முகத்தைக் காட்டினான். சற்றே வளர்ந்திருந்த மகள் பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கத்திரி கட்டிலில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாஷை தெரியாத பக்கத்துக் கட்டில்காரி ஒரு டம்ளர் டீயை அவள் அருகில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பதிவுக்கு நாளைக்கே போறேன்" என்றான் கொழுந்தன் போனில்.

"போ தம்பி. பிள்ளைக்கு முதல்ல ஏதாவது சாப்பிடக் கொடு."

ஒப்பந்தம் முடிந்து அவள் இறங்கிய அன்று மகளும் கொழுந்தனும் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் முதலில் கொஞ்சம் தள்ளியே நின்றாள். கையில் இருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். வண்டியில் பாதி தூரம் வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றை நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி வளைத்து எங்கெங்கோ போனது கதை. கத்திரி ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.